தோல்வாரும் மூன்று தோட்டாவும்

எல்லப்பனுக்கு இழைக்கப்பட்ட அநியாயங்கள் ஏழு. அவற்றை வரிசை மாற்றிச் சொல்ல அவர் யாரையும் விட்டதில்லை. பட்டியல் பிசகினால் போராட்டமே பிசகும் என்பது அவர் கொள்கை.

முதலாவது, பிறந்த மண்ணிலேயே அவர் பிரஜை இல்லை என்று இலங்கைச் சர்க்கார் சொன்னது.

இரண்டாவது, பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேட்டைப் பித்துப் பிடித்த வெள்ளைக்காரத் துரைக்கு ஒன்பது வருஷம் துப்பாக்கி சுமந்தும், ஒரு தோட்டாவைக்கூட அவரைச் சுட விடாதது. சுமப்பது தொழிலாளி, சுடுவது முதலாளி.

மூன்றாவது, அந்தத் துரை சீமைக்குத் திரும்பும்போது துப்பாக்கியைத் தான் எடுத்துக்கொண்டு, அதில் மாட்டியிருந்த தோல்வாரை மட்டும் கழற்றி எல்லப்பன் கையில் கொடுத்து, முதுகில் தட்டிவிட்டுப் போனது.

நான்காவது, தலைமன்னாரில் கப்பலேறும் அன்று நடந்தது. மூட்டையில் துப்பாக்கி வாரைக் கண்ட சுங்க அதிகாரி, வார் இருந்தால் துப்பாக்கியும் இருக்கத்தானே வேண்டும் என்று முடிவுகட்டி, பகல் முழுக்க அதைத் தேடினார். உரலைக் கவிழ்த்துப் பார்த்தார். தெய்வம்மாவின் ஊறுகாய்ச் சாடிக்குள் கைவிட்டுப் பார்த்தார். கப்பல் போய்விட்டது.

ஐந்தாவது, மண்டபம் முகாமில் கொடுத்த கம்பளி. நீலகிரி குளிர்ப் பிரதேசம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அதைத் தலைவழியே போர்த்திக்கொண்டாலும், அதன் வழியாக அந்தப் பக்கத்துச் செய்தித்தாளைப் படிக்கலாம்.

ஆறாவது, தேயிலைத் தோட்டத்தில் வேலை என்று அழைத்துவந்தது. தேவர்சோலைக்கு மேலே பாறைமட்டம் எஸ்டேட்டில் வந்து இறங்கிப் பார்த்தால் தேயிலை இல்லை. காடு இருந்தது. அந்தக் காட்டை வெட்டித் தேயிலையை நட்ட பிறகுதான் அது தேயிலைத் தோட்டம் ஆனது. சோறு உண்டு என்று பந்திக்கு அழைத்து, வந்தவன் கையில் விதைநெல்லைக் கொடுத்த கதை.

ஏழாவது, அரை லயம். தொழிலாளர் வரிசை வீட்டில் ஒரே அறையான ஒரு லயக் காம்பிராவை நடுவில் சாக்குப் படுதா கட்டிப் பிரித்து, இந்தப் பக்கம் எல்லப்பன் தெய்வம்மா, அந்தப் பக்கம் தங்கையா சுப்பம்மா என்று இரண்டு குடும்பத்தைக் குடிவைத்தார்கள். காம்பிராவைப் பிரிக்க முடிந்தவர்களால் அடுப்பைப் பிரிக்க முடியவில்லை. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. காலையில் சுப்பம்மா இறக்கினால்தான் தெய்வம்மா ஏற்றலாம். நான்கு வருஷமாகத் தெய்வம்மா அடுத்தவள் மூட்டிய அடுப்பில், அடுத்தவள் குழம்பு வாசனையில், தன் உலையைக் கொதிக்கவைத்தாள். நான்கு வருஷமாக, ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குக் கடைசியாகப் போய் நிற்கிறவளும் அவள்தான்.

எல்லப்பன் இந்த ஏழையும் சொல்லி முடிக்கும்போதெல்லாம் தெய்வம்மா படுதாவுக்கு இப்புறமிருந்து ஒன்று சொல்வாள்.

“எட்டாவதா என்னையச் சேத்துறாதீங்க. எனக்குத் தனியா ஒரு லிஸ்டு இருக்கு.”

அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று எல்லப்பன் கேட்டதில்லை. பழுத்த தொழிற்சங்கவாதிக்கு எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பது தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான், எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதம், எஸ்டேட்டின் காவலாள் லிங்கசாமி யானையை விரட்ட வானத்தைப் பார்த்துச் சுட்டான். வானம் பெரியது. அவ்வளவு பெரிய வானத்தை விட்டுவிட்டு, தோட்டா மானேஜர் பங்களாவின் தண்ணீர்த் தொட்டியைத் துளைத்தது. மானேஜர் செலஸ்டின் அப்போது குளியலறையில் தலைக்குச் சோப்புப் போட்டிருந்தார். யானை நின்று பார்த்துவிட்டுப் போனதாகச் சொல்கிறார்கள்.

மறுநாள் பெரட்டுக்களத்தில் மானேஜர் அறிவித்தார். அவர் நல்ல மனிதர்தான், கண்ணில் மட்டும் இன்னும் சோப்பு எரிச்சல் இருந்தது. இனி எஸ்டேட் துப்பாக்கி, குறி தெரிந்தவன் கையில்தான் இருக்கும். ஒன்றைக் குறிபார்த்து அடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் ஒன்றின்மேல் படாமல் சுடவும் தெரியும். மூன்று வாரம் கழித்துச் சனிக்கிழமை பரீட்சை. ஐம்பது கஜத்தில் ஒரு தகர மூடி, ஆளுக்கு மூன்று தோட்டா. அதிகம் அடிப்பவருக்குக் காவலாள் வேலை, காக்கிக் கோட்டு, ஏழாம் நம்பர் மலைக்கு மேலே இருக்கிற கல் குவார்ட்டர்ஸ்.

எல்லப்பனின் காதில் காக்கிக் கோட்டு விழுந்தது. தெய்வம்மாவின் காதில் குவார்ட்டர்ஸ் விழுந்தது.

அன்று சாயங்காலம் அவள் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்த கையோடு ஏழாம் நம்பர் மலைக்கு ஏறிப் போய் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். புகைபோக்கி வைத்த அடுப்பாம். இரண்டு வாய் அடுப்பாம். பக்கத்திலேயே ஊற்றுத் தண்ணீராம். அதோடு நிறுத்தவில்லை. கூட்டிப் பெருக்கியும் விட்டு வந்திருந்தாள்.

“வேலை யாருக்குன்னே தெரியல்ல. அதுக்குள்ள எதுக்குக் கூட்டின?” என்றார் எல்லப்பன்.

“நம்மளுக்குத்தானே கெடைக்கும்?”

“எப்படிச் சொல்ற?”

“நீங்கதானே சொல்லியிருக்கீங்க. ஒன்பது வருசம் தொரை துப்பாக்கிய...”

“சுமந்தேன்.”

“அதத்தான் சொல்ல வந்தேன்,” என்று அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

எல்லப்பன் அன்றைக்கே ஒரு சபதம் எடுத்தார். துரை தன்னிடம் கொடுத்துவிட்டுப் போன அந்தத் தோல்வாரைக் கொண்டே காவலாள் வேலையை வெல்வது. ஆணியில் தொங்கிய வாரை இறக்கினார். இரண்டு விரல் அகலம், பழுப்பேறிய எருமைத்தோல். ஜோடி ஜோடியாகத் துளைகள். இரண்டு முனையிலும் பித்தளைக் கொக்கி. நடுவில், மேலும் கீழும் நகர்த்த இரண்டு தோல் வளையங்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் வெற்றிலைபோல மடங்கியது. வாராவாரம் தான் தடவும் தேங்காயெண்ணெயின் மகிமை அது என்று எல்லப்பன் நம்பினார். அவர் சங்கக் கூட்டத்துக்குப் போகும் நாட்களில் தெய்வம்மா அதில்தான் விறகுக் கட்டைக் கட்டித் தூக்கி வருகிறாள் என்பது லயம் முழுக்கத் தெரியும். அவருக்குத் தெரியாது.

இன்றைக்குத் துப்பாக்கி வாரைக் கண்டவர்கள் எல்லாரும் அதைத் தோளில் மாட்டும் கயிறு என்றே நினைக்கிறார்கள். ஆண்ட கூட்டம் விட்டுப்போன எல்லாவற்றையும் நம் ஜனம் தோளில் மாட்டிக்கொண்டு திரிகிறது. அதன் உபயோகம் என்ன என்று கேட்பவன் இல்லை. எல்லப்பனுக்கு உபயோகம் தெரியும். ஒன்பது வருஷம் துரையின் முழங்கைக்குப் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்திருக்கிறார். வாரின் முன்பாதியை வளையமாக்கி இடது புஜத்தில், முழங்கைக்கு மேலே நன்றாக ஏற்றிப் போட வேண்டும். தோல் வளையத்தை இறக்கி இறுக்க வேண்டும். பிறகு கையை வாரைச் சுற்றி வெளிப்பக்கமாகக் கொண்டுவந்து துப்பாக்கியின் முன்கட்டையைப் பிடித்தால், கையும் வாரும் துப்பாக்கியும் ஒரு முக்கோணம். குப்புறப் படுத்து முழங்கையை மண்ணில் ஊன்றினால், துப்பாக்கியைத் தாங்குவது சதை இல்லை, எலும்பு. எலும்பு நடுங்காது.

எல்லாம் தெரிந்தது. ஒரே ஒரு சிரமம், எல்லப்பனால் குப்புறப் படுக்க முடியாது. அறுபத்தாறாம் வருஷ வேலைநிறுத்தத்தில் வாங்கிய தடியடியில் வலது முட்டி அவரோடு ஒத்துழைப்பதை நிறுத்தியிருந்தது. பரீட்சை அன்று உணர்ச்சி வேகத்தில் முட்டி மடங்கிவிடும், அதைப்பற்றிக் கவலை இல்லை. பயிற்சிக்கு யார் படுப்பது?

“தெய்வம்மா, கொஞ்சம் இப்படிக் குப்புறப் படு.”

“எதுக்கு?”

“பாடம் நடத்தணும்.”

“எனக்கா?”

“எனக்குத்தான். நீ படு, நான் பாக்குறேன்.”

இப்படியாகத் தெய்வம்மா தினமும் சாயங்காலம் லயத்துக்குப் பின்புறம் சாக்கை விரித்துப் படுத்தாள். துப்பாக்கிக்குப் பதில் உலக்கை. உலக்கையின் இரண்டு பக்கமும் கம்பிச் சுருளை அடித்து வாரின் கொக்கிகளை மாட்டியிருந்தார் எல்லப்பன். எதிரே சில்வர் ஓக் மரத்தில் ஒரு சோடா மூடி குறியாக இருந்தது. உலக்கை முனையில் எல்லப்பன் தன் சட்டைப் பொத்தானைப் பிய்த்துப் படுக்கவைத்தார். மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, விரலை மட்டும் அசைக்க வேண்டும். பொத்தான் விழக் கூடாது.

முதல் நாள் பொத்தான் பதினோரு தடவை விழுந்தது. நான்காம் நாள் இரண்டு தடவை. ஒரு வாரம் போன பிறகு விழவே இல்லை. இருபது வருஷமாகக் கூடைக்கயிறு தலையில் இழுக்க, செங்குத்துச் சரிவில் நின்று இரண்டு இலை ஒரு மொட்டு என்று கிள்ளுகிறவளுக்கு, சமதரையில் படுத்துக்கொண்டு ஒரு விரலை அசைப்பது ஓய்வுநாள் மாதிரி. அவள் பாட்டுக்குப் படுத்திருந்தாள். எல்லப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவளைச் சுற்றி நடந்து நடந்து, எலும்பைப் பற்றியும் ஏகாதிபத்தியத்தைப் பற்றியும் பேசினார். தன் பயிற்சி நாளுக்கு நாள் முன்னேறுவது அவருக்கே தெரிந்தது.

சுப்பம்மா படுதாவைத் தூக்கி எட்டிப் பார்த்து, அக்கா ஏன் உலக்கையோடு படுத்திருக்கிறாள் என்று கேட்டாள். அண்ணன் துப்பாக்கி பழகுகிறார் என்றாள் தெய்வம்மா, உலக்கையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

தெய்வம்மா கேள்விகள் கேட்டாள். வார் ஏன் முழங்கை மடிப்பில் இருக்கக் கூடாது? அங்கே நாடி துடிக்கும், துடிப்பு குழல்வரை போகும் என்றார். துணி வார் போதாதா? துணி ஈரத்தில் தளரும், தோல் பிடித்த பிடியை விடாது என்றார். பதினைந்தாம் நாள் இன்னொன்று கேட்டாள்.

“இத எம்புட்டு நேரம் கட்டியிருக்கலாமுங்க?”

“நல்ல கேள்வி. அஞ்சு நிமிசம். அதுக்கு மேல போனா ரத்தம் ஓடாது. கை மரத்துப் போகும். மரத்த கையும் மரக்கட்டையும் ஒன்னு. இத எப்பவும் மறக்கக் கூடாது.”

“மறக்க மாட்டேன்,” என்றாள் தெய்வம்மா.

பரீட்சைக்கு நான்கு நாள் முன்பு வேறு பக்கத்தில் இடி விழுந்தது. எஸ்டேட் குமாஸ்தா நஞ்சப்பன் கோயமுத்தூர்க்காரர். மரியாதை வழுவாமல் மறுப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. போட்டியிடுகிறவர்கள் பெயரைப் பதியப் போன எல்லப்பனின் தோளில் கிடந்த வாரை அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“ஏனுங்க எல்லப்பன், இதென்னங்க மாட்டுத் தும்பாட்ட இருக்குது?”

எல்லப்பன் விளக்கினார். சுருக்கமாக விளக்கியதாக அவர் நினைத்தார். நஞ்சப்பன் நடுவில் இரண்டு லெட்ஜரில் வேலையை முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“குறி பாக்கறதுக்குக் கண்ணு வேணுமுங்க. தோலு எதுக்குங்க? கூடலூர் ஸ்டேஷன்ல போலீஸ்காரரு வாரைத் தோள்லதானுங்க மாட்டியிருக்காரு. கையில சுத்தறதுக்கு ரூல்ஸ்ல எடமில்லீங்க.”

‘ரூல்ஸில் இடமில்லை.’ இந்தச் சொல் எல்லப்பனுக்குச் சாராயம் மாதிரி. அவர் நேரே லயத்துக்கு வந்து, விளக்குத் துடைக்க வைத்திருந்த காகிதத்தை எடுத்து, மனு எழுதினார். மனு எழுதத் தெரியாதவன் வாயிருந்தும் ஊமை. மூன்று கோரிக்கைகள். ஒன்று, தோல்வாரைப் புஜத்தில் கட்டிச் சுடும் உரிமை. இரண்டு, செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் பெயருள்ள எந்தத் தொழிலாளியும், அக்கரையிலிருந்து வந்தவர் இக்கரைக்காரர், ஆண் பெண் என்ற பேதமின்றி, போட்டி அன்று வந்துகூடப் போட்டியிடலாம் என்ற உத்தரவாதம். மூன்று, ஆபீசில் எழுதிய முடிவு வெளியே ஒட்டும்போது மாறிப்போவது முன்பு நடந்திருப்பதால், நியமனத்தைத் தொழிலாளர் பிரதிநிதியே இரண்டு சாட்சிகள் முன்னிலையில் ஓர் எழுத்தும் விடாமல் உரக்க வாசிக்க வேண்டும்.

தெய்வம்மாவுக்கு வாசித்துக் காட்டினார்.

“ஆணு பொண்ணுன்னு போட்டிருக்கீங்களே, அது எதுக்கு?”

“கொள்கை.”

“நெசமாவே அப்படித்தானா?”

“கொள்கையில என்னடி நெசம், பொய்? எழுதினா எழுதினதுதான்.”

“ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. அத மட்டும் அடிச்சிராதீங்க,” என்றாள் அவள். பதினெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவர் எழுத்தை அவள் பாராட்டியது அது முதல் தடவை. எல்லப்பன் அந்த வரிக்கு அடியில் கோடு போட்டார்.

மானேஜர் மூன்றுக்கும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு அவசரமாகத் தண்ணீர்த் தொட்டியை ஒட்ட வேண்டியிருந்தது.

சனிக்கிழமை வந்தது. பெரட்டுக்களத்தில் ஒரு கோடியில் மண்மேடு, அதன்முன் குச்சியில் வெள்ளையடித்த தகர மூடி. இந்தக் கோடியில் ஜமுக்காளம், அதன்மேல் எஸ்டேட் துப்பாக்கி. களத்தின் ஓரத்துக் கற்பூர மரத்தில், வேலை விடும்போது அடிக்கிற தண்டவாளத் துண்டு தொங்கியது. எதிர் மலையில் இன்னும் ஐம்பது பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களெல்லாம் களத்தில்.

முதலில் பாக்டரி டிரைவர் மயில்சாமி. வார் கீர் ஒன்றும் இல்லை. படுத்தார், சுட்டார். மூன்றில் ஒன்று மூடியின் விளிம்பைத் தொட்டது. நஞ்சப்பன் ஒன்று என்று எழுதிக்கொண்டார்.

அடுத்தது எல்லப்பன். அவர் சட்டைக் கையைச் சுருட்டி, துப்பாக்கியில் வாரை மாட்டி, வளையத்தைப் புஜத்தில் ஏற்றி, தோல் வளையத்தை இறக்கி இறுக்கினார். இறுக்கத்தில் குறை வைக்கவில்லை. துப்பாக்கியை மார்போடு அணைத்துக்கொண்டு முட்டியை மடக்கப் போனார். அந்த நேரத்தில் கூட்டத்தின் நடுவிலிருந்து படுதாவுக்கு அந்தப்பக்கத்துத் தங்கையா எழுந்து நின்றான்.

“தலைவரே, சுடுறதுக்கு முந்தி இந்த வாரப் பத்தி நம்ம தொழிலாளருக்கு ரெண்டு வார்த்த பேசணும்.”

யாரோ கைதட்டினார்கள். முதலில் தட்டியது தெய்வம்மா. பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

எல்லப்பன் வாழ்க்கையில் மறுத்தவை பல. துரை கொடுத்த சுருட்டை மறுத்திருக்கிறார். கங்காணி வேலையை மறுத்திருக்கிறார். பேச அழைத்து மறுத்ததில்லை. மடக்கப் போன முட்டியை நிமிர்த்தினார். தொண்டையைச் செருமினார்.

இரண்டு வார்த்தைதான் பேசினார். ஆனால் வாரைப் பற்றிப் பேசினால் துரையைப் பற்றிப் பேச வேண்டும், துரையைப் பற்றிப் பேசினால் குடியுரிமையைத் தொடாமல் முடியாது. ஆகவே முதலாவது அநியாயத்திலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவது அநியாயத்தில் இடது உள்ளங்கையில் எறும்பு ஊர்ந்தது. நான்காவதில் சுங்க அதிகாரி ஊறுகாய்ச் சாடியில் கைவிட்டபோது ஜனம் சிரித்தது, அந்த உற்சாகத்தில் அதை இன்னொரு தடவை சொன்னார். ஐந்தாவதில் விரல்கள் குளிர்ந்தன, அது கம்பளியைப் பற்றிய உணர்ச்சி என்று நினைத்தார். ஆறாவதில் தங்கையா எழுந்து, காடு வெட்டின கதையை விளக்கமாகச் சொல்லுங்கள் என்றான். ஏழாவதை முடித்தபோது, எல்லப்பன் என்ற மனிதருக்கு இடது கை என்று ஒன்று இருந்த தகவலே அவரிடம் இல்லை. நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. கைதட்டல் மட்டும் பிரமாதம்.

பிறகு படுத்தார். முட்டி உண்மையிலேயே மடங்கிவிட்டது. கைதான் எங்கே போனது என்று தெரியவில்லை.

முதல் தோட்டா, மண்மேட்டை மதிக்காமல் பக்கவாட்டில் போய்த் தண்டவாளத் துண்டில் பட்டது. டங்ங்ங் என்று எஸ்டேட் முழுக்கக் கேட்டது. எதிர் மலையில் ஐம்பது பெண்களும் வேலை விட்டாயிற்று என்று கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள். அவர்களைத் திருப்பி ஏற்ற இரண்டு கங்காணிமார் ஓடினார்கள். இரண்டாவது தோட்டா எல்லப்பனுக்கு நான்கடி முன்னால் மண்ணைத் தோண்டியது. மூன்றாவது எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் யானை வரவில்லை.

நஞ்சப்பன் பூஜ்யத்தை அழகாக வட்டமாகப் போட்டார்.

எல்லப்பன் எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தபோது தெய்வம்மா கூட்டத்திலிருந்து வந்து ஜமுக்காளத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வலி தெரியாமல், பிள்ளைக்கு வளையல் கழற்றுகிற மாதிரி, அவர் புஜத்திலிருந்து வாரைத் தளர்த்தி உருவினாள். கையைத் தேய்த்துவிட்டாள். ஊர் பார்க்க மனைவி செய்யும் பணிவிடையில் எல்லப்பனுக்குக் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், வார் அவள் புஜத்தில் இருந்தது.

“எம்பேரையும் எழுதிக்குங்க,” என்றாள் நஞ்சப்பனிடம். “செக்ரோல்ல முந்நூத்திப் பன்னண்டு.”

நஞ்சப்பன் கண்ணாடியைத் தூக்கிவிட்டார். “ஏனுங்க அம்மிணி, இது ஆம்பளைங்க சமாச்சாரமுங்க. ரூல்ஸ்ல எடமில்லீங்களே.”

எல்லாரும் எல்லப்பனைப் பார்த்தார்கள். எல்லப்பன் மனைவியைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார், எங்கோ ஒரு ஆணியில் காக்கிக் கோட்டு தொங்குவதைப் பார்த்தார். பேசாமல் இருந்துவிடலாம். மயில்சாமிக்கு ஒன்று, தனக்குப் பூஜ்யம், பிறகு மறுபரீட்சை கேட்டு இன்னொரு மனு. புத்தி அப்படித்தான் சொன்னது. ஆனால் காதில் விழுந்தது ‘ரூல்ஸில் இடமில்லை’ அல்லவா? முப்பது வருஷப் பழக்கம் புத்தியைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது.

“இடமில்லைன்னு சொல்ல நீங்க யாரு?” என்று எல்லப்பன் முழங்கினார். இன்னும் வேலை செய்த வலது கையை ஓங்கி, மனுவின் இரண்டாவது கோரிக்கையை மனப்பாடமாகச் சொன்னார். அடிக்கோடிட்ட வரியை இரண்டு தடவை சொன்னார். மானேஜர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மீறினால் திங்கட்கிழமை ஒரு கூடைகூட மலைக்கு ஏறாது என்றார். மானேஜர், சரி சரி, அம்மா சுடட்டும் என்றார்.

எல்லப்பன் வென்றார். அதன் பிறகுதான் தான் எதை வென்றோம் என்று யோசித்தார்.

தெய்வம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்தாள். தோல் வளையத்தை இறக்கினாள். இடது முழங்கை மண்ணில் ஊன்றியது. மூச்சை விட்டாள், பாதியில் நிறுத்தினாள். மூன்று தடவை வெடித்தது. ஒவ்வொரு வெடிக்கும் நடுவில் ஒரு கைப்பிடி கொழுந்து கிள்ளிக் கூடையில் போடும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு உடனே வாரைத் தளர்த்திக் கையை உதறிவிட்டாள். ஐந்து நிமிஷக் கெடுவில் மூன்றரை மிச்சம்.

நஞ்சப்பன் போய் மூடியைப் பிடுங்கி வந்தார். மூன்று ஓட்டைகள். மூன்றையும் ஒரு வெற்றிலையால் மூடிக் காட்டினார்.

கூட்டம் தெய்வம்மாவைச் சுற்றிக்கொண்டது. எல்லப்பன் தங்கையாவைத் தனியே இழுத்தார்.

“என்னையப் பேசச் சொல்ல ஒனக்கு எப்படிடா தோணுச்சு?”

தங்கையா தலையைச் சொறிந்தான். “எனக்கு எங்கண்ணே தோணும்? அக்காதான் ரெண்டு நாளைக்கு முந்தியே சொல்லி வச்சாங்க. வாரக் கட்டுற வரைக்கும் வாயத் தொறக்காதன்னு ரொம்பச் சொன்னாங்க.”

“நடுவுல காடு வெட்டின கதைய...”

“அதுவும் அக்காதான். ஆறாவதுல நீங்க கொஞ்சம் வேகமாப் போயிருவீங்களாம்.”

எல்லப்பன் நேரே தெய்வம்மாவிடம் போனார். சொந்த வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு சதியா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். ஊர் பார்த்துக்கொண்டிருந்ததால் தாழ்த்தினார்.

“நாலு வருசமா அடுத்தவ அடுப்புல சமைக்கிறேங்க,” என்றாள் அவளும் அதே தாழ்ந்த குரலில். “நீங்க கை சுகமா இருந்து சுட்டிருந்தா ஒன்னாவது பட்டிருக்கும். மயில்சாமிக்கு ஒன்னு, ஒங்களுக்கு ஒன்னு, திரும்பப் பரீட்சை, திரும்ப மனு. நான் எப்பப் போயி அடுப்பு மூட்டுறது?”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீங்க கூட்டம் போட்டிருப்பீங்க.”

எல்லப்பன் இடது கையைத் தேய்த்துக்கொண்டு திரும்பிவிட்டார். அவள் சொன்னதில் உண்மை இருந்தது என்பதைவிட, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே விஷயமாக ஒரு கூட்டம் போடலாம் என்று அவர் அந்த நிமிஷமே நினைத்துவிட்டார் என்பதுதான் காரணம்.

அதற்குள் நஞ்சப்பன் மேஜையைக் களத்துக்கே தூக்கிவரச் சொல்லி, நியமன நமூனாவைப் பூர்த்தி செய்து, மானேஜரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். ஈரம் காய ஊதினார். பிறகு மிகுந்த பணிவோடு அந்தக் காகிதத்தை எல்லப்பன் பக்கம் நீட்டினார்.

“மூணாவது கோரிக்கைங்க. தொழிலாளர் பிரதிநிதி வாசிக்கோணுங்க. சாட்சிக்கு யாருங்க?”

தங்கையாவும் மயில்சாமியும் முன்னால் வந்து நின்றார்கள். மயில்சாமிக்குத் தோற்றதில் வருத்தமே இல்லை. இதைப் பக்கத்திலிருந்து கேட்கக் கிடைத்ததே என்ற முகத்தோடு நின்றார். எதிர் மலையிலிருந்து தவறாக இறங்கிய ஐம்பது பெண்களும் திரும்பி ஏற மறுத்துவிட்டுக் களத்தின் ஓரத்தில் கூடையோடு நின்றார்கள்.

எல்லப்பன் காகிதத்தை வலது கையில் வாங்கினார். இடது கைக்கு இப்போதுதான் உயிர் திரும்பி, ஆயிரம் ஊசி குத்திக்கொண்டிருந்தது. ஆனாலும் எதிரே கூட்டம் இருந்தது, கையில் காகிதம் இருந்தது. குரல் தானாகவே மேடைக்கு ஏறியது.

“பாறைமட்டம் எஸ்டேட். காவலாள் நியமனம். பெயர், தெய்வம்மா. செக்ரோல் நம்பர், முந்நூற்றுப் பன்னிரண்டு. ஆயுதம், எஸ்டேட் துப்பாக்கி ஒன்று. உடுப்பு, காக்கிக் கோட்டு ஒன்று. குவார்ட்டர்ஸ், ஏழாம் நம்பர் மலை.”

ஜனம் கைதட்டியது. எல்லப்பன் காகிதத்தை மடிக்கப் போனார்.

“கீழ இன்னொரு வரி இருக்குதுங்க,” என்றார் நஞ்சப்பன். “ஓர் எழுத்தும் விடாமன்னு நீங்கதானுங்க மனுவுல கேட்டிருந்தீங்க.”

எல்லப்பன் மறுபடி விரித்தார். அந்த வரியைத் தனக்குள் படித்தார். தொண்டையைச் செருமினார். ஒருமுறை மானேஜரைப் பார்த்தார், ஒருமுறை தெய்வம்மாவைப் பார்த்தார். அவள் தோல்வாரைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். எல்லப்பன் வாசித்தார். ஓரத்தில் நின்ற கூடைக்காரப் பெண்கள், காற்றில் கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றார்கள்.

அவர் சாட்சிகள் இருவரையும் நேராகப் பார்த்து, முப்பது வருஷம் மேடையில் பழகிய அந்தக் குரலில், திரும்ப வாசித்தார்.

“காவலாளின் சம்பாத்தியத்தைச் சார்ந்து குவார்ட்டர்ஸில் உடன் தங்க அனுமதிக்கப்படுபவர், ஒருவர். பெயர், எல்லப்பன்.”